விமானப் பயணக் கார்பன் ஈடு

விமானப் பயணக் கார்பன் ஈடு என்பது, ஒருவர் தமது விமானப் பயணத்தால் வெளியாகும் கரியமில வாயுவுக்கு நிகரான அளவை வேறோர் இடத்தில் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் செலுத்தும் முறை ஆகும். விமான நிறுவனங்களின் சுற்றுச்சூழல் முயற்சிகளுள் பயணி நேரடியாகப் பங்கு கொள்வது பெரும்பாலும் இதில்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் 2005-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கிலோகிராம் விமான எரிபொருள் எரியும்போது ஏறத்தாழ 3.16 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்வதால் வாயுவின் எடை எரிபொருளின் எடையைவிட மிகுகிறது.

கொங்கு நாட்டுக் காற்றாலைகள்

கார்பன் ஈடு குறித்த ஐயத்தைப் புரிந்துகொள்ளக் கொங்கு நாடு நல்ல எடுத்துக்காட்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டு இயங்கும் பல்லடம், தாராபுரம், உடுமலைப்பேட்டை வட்டாரக் காற்றாலைகளுள் பல, நூற்பாலைகளுக்கு உரியவை. கியோட்டோ நெறிமுறையின் தூய்மை வளர்ச்சிச் செயல்முறையின் கீழ், தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல ஆலைகளின் காற்றாலைகளை ஒரே திட்டமாக ஒருங்கிணைத்துப் பதிவு செய்தது. இத்தகைய திட்டங்கள் குறைத்ததாகச் சான்றளிக்கப்படும் ஒவ்வொரு டன் வாயுவும் ஓர் அலகாக விற்கப்படுகிறது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பணம் வராவிட்டால் காற்றாலை நிறுவப்பட்டிருக்காதா? ஆலைகளுக்கு மின்கட்டணம் பெருஞ்செலவு. மேலும், காற்றாலை முதலீட்டில் 80 விழுக்காடு வரை தேய்மானம் காட்ட வருமான வரி விதிகள் பல ஆண்டுகள் இடமளித்தன. எனவே எப்படியும் நிறுவப்பட்டிருக்கும் எனில், பயணி செலுத்திய பணத்தால் புதிதாக ஒரு டன் கூடக் குறையவில்லை. காற்றாலை உண்மையானது, மின்சாரமும் உண்மையானது. ஈடு மட்டுமே ஐயத்துக்குரியது. இதே காரணத்தால், மின்கட்டமைப்புடன் இணைந்த புதிய காற்றாலைகளைப் பெரும்பாலான நாடுகளில் ஏற்பதை வெர்ரா என்னும் சான்றளிப்பு அமைப்பு 2020 முதல் நிறுத்தியது.

பயணிகளின் பார்வை

கூடுதலாகப் பணம் தர விருப்பம் என்று கருத்துக்கணிப்புகளில் கூறுவோர் பலர். பயணச்சீட்டு வாங்கும்போது உண்மையில் தருவோர் மிகச் சிலரே. இதனைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது. பணம் எங்கே செல்கிறது என்பதைச் சரிபார்க்கப் பயணிக்கு வழியில்லை. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கேஎல்எம் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் விளம்பர வாசகங்கள் பல நுகர்வோரைத் தவறாக வழிநடத்துபவை எனத் தீர்ப்பளித்தது.

சுவீடனில் 2018 அளவில் "பறக்க வெட்கம்" என்ற கருத்து பரவியது. கொங்கு நாட்டுப் பயணிக்கு இது ஓரளவே பொருந்தும். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு 2023 ஏப்ரல் முதல் வந்தே பாரத் தொடர்வண்டி உண்டு. சார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ பீளமேட்டில் விமானம் ஏறுவதைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை.

மாற்று எரிபொருள்

எரிபொருளையே மாற்றுவது இன்னொரு முயற்சி. ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் 2018 ஆகஸ்ட் 27 அன்று, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து பெற்ற எரிபொருளை 25 விழுக்காடு கலந்து டேராடூனிலிருந்து தில்லிக்கு ஒரு விமானத்தை இயக்கியது. பன்னாட்டுப் பயணங்களில் இத்தகைய எரிபொருளை 2027-இல் 1 விழுக்காடும் 2030-இல் 5 விழுக்காடும் கலப்பது இந்திய அரசின் இலக்காகும்.