மெக், ஜோ, பெத், ஏமி (வரைகதைப் புதினம்)

மெக், ஜோ, பெத், ஏமி என்பது ரே டெர்சியேரோ எழுதி, பிரீ இண்டிகோ வரைந்து, 2019 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த இளையோருக்கான வரைகதைப் புதினம் ஆகும். லூயிசா மே ஆல்காட் (1832–1888) எழுதிய லிட்டில் விமன் என்னும் புகழ்பெற்ற புதினத்தை இது இக்காலச் சூழலில் மீண்டும் சொல்கிறது. கதை நாயகி ஜோ மார்ச் இதில் தன்பாலீர்ப்புடைய பெண்ணாகப் படைக்கப்பட்டிருக்கிறாள்.

மூல நூல்

லிட்டில் விமன் 1868, 1869 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தந்தை போர்முனையில் இருக்க, தாயுடன் வாழும் நான்கு சகோதரிகளின் கதை இது. முதற் பகுதியைப் படித்த சிறுமியர், சகோதரிகள் யாரை மணப்பார்கள் எனக் கேட்டு ஆல்காட்டுக்குக் கடிதங்கள் எழுதினர். ஜோவை மணமாகாத எழுத்தாளராகவே விட்டுவிட அவர் எண்ணியிருந்தார். எனினும் வாசகர்களின் வற்புறுத்தலால், அவர்கள் எதிர்பார்த்த லாரிக்கு அல்லாமல், வயதில் மூத்த பேராசிரியர் பேயருக்கு அவளை மணமுடித்தார்.

ஆல்காட் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. தாம் பெண்கள் பலர்மீது காதல் கொண்டதுண்டு, ஆண் எவர்மீதும் கொண்டதில்லை என்று எழுத்தாளர் லூயிஸ் சாண்ட்லர் மௌல்ட்டனிடம் அவர் கூறியுள்ளார். இக்கூற்றுக்கு இன்றைய சொற்களில் எவ்வாறு பொருள் கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

முக்கிய மாற்றங்கள்

* கதை இன்றைய நியூயார்க் நகரில் நிகழ்கிறது. தந்தை மத்திய கிழக்கில் படைப்பணியில் இருக்கிறார்.
* மெக் தந்தையின் மகள், கறுப்பினத்தவள். ஜோ தாயின் மகள், வெள்ளையினத்தவள். பெத்தும் ஏமியும் இருவருக்கும் பிறந்தவர்கள்.
* பெத் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்படுகிறாள். மூல நூலில் இறந்துவிடும் அவள் இதில் பிழைக்கிறாள்.
* ஜோ தன் விருப்பத்தைக் குடும்பத்தினரிடம் வெளிப்படுத்துகிறாள். அவர்கள் அவளை ஏற்றுக்கொள்கின்றனர்.

ஆசிரியர்

ரே டெர்சியேரோ என்பது ரெக்ஸ் ஓகிள் என்பவரின் புனைபெயர். தன்பாலீர்ப்பின் காரணமாகத் தந்தையின் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, தெருவில் வாழ்ந்த நாட்களை அவர் ரோட் ஹோம் (2024) என்னும் தன்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். ஜோவுக்கு வீட்டில் கிடைக்கும் ஏற்பு, ஆசிரியருக்கு இளமையில் கிடைக்காத ஒன்றாகும்.

கருத்து வேறுபாடுகள்

மூல நூலின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், அதனை எவரும் தழுவி எழுதலாம். ஆயினும் இத்தகைய மாற்றம் மூலத்தைத் திரிப்பதாகச் சிலர் கருதுகின்றனர். திருமணத்தை விரும்பாத பெண்ணுக்கு வேறு காரணம் கற்பிக்கத் தேவையில்லை என்பது மற்றொரு வாதம். மூல நூல் அப்படியே வாசிக்கக் கிடைப்பதால் மறுகதை எதனையும் அழிப்பதில்லை என்றும், தம்மைப் போன்ற ஒருவரை எந்த நூலிலும் காணாத சிறுவர்களுக்கு அது துணையாகிறது என்றும் ஆதரிப்போர் கூறுகின்றனர்.

இவ்வகையான பிற நூல்கள்

* ஜோ (2020) – கேத்லீன் குரோஸ். லிட்டில் விமன் புதினத்தின் மற்றொரு தழுவல். இதில் பேராசிரியர் பேயரின் இடத்தில் பிரெடி என்னும் மாணவி வருகிறாள்.
* 81 ஆம் தெருவின் இரகசியத் தோட்டம் (2021) – ஐவி நோயல் வியர், ஆம்பர் படில்லா. பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் புதினத்தைத் தழுவியது. இதில் மேரியின் மாமா இறந்துபோன தம் கணவரை எண்ணித் துயருறுகிறார்.