மூலையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?

அலுமினியக் கட்டி ஒன்றில் சதுரப் பள்ளம் வெட்ட ஒரு சிஎன்சி மில்லிங் மெஷினுக்கு எழுதும் புரோகிராமில், பள்ளத்தின் ஓரத்துக்கு நான்கு வரிகள் போதும். எக்ஸ் அச்சில் 90 மில்லிமீட்டர் போ, ஒய் அச்சில் 90 போ, அப்படியே திரும்பி வா. காகிதத்தில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, அவ்வளவுதான். மெஷினுக்கு அந்தப் புள்ளிதான் வம்பு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர், அதாவது நொடிக்கு 50 மில்லிமீட்டர் ஃபீடில் எக்ஸ் திசையில் ஓடிவரும் மேசை, மூலையைத் தொட்ட கணத்திலேயே அந்த வேகம் முழுவதையும் உதற வேண்டும். அதே கணத்தில் ஒய் திசையில் அதே 50-ஐ எட்டியிருக்கவும் வேண்டும். கனமான ஒரு பொருளின் வேகம் நேரமே எடுக்காமல் மாற வேண்டுமானால் அளவற்ற விசை தேவை. அது எந்த மோட்டாரிடமும் இல்லை. ஆகவே மெஷின் மூலையில் நின்று திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் மூலையை மழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நேரத்தை விடுவதா, வடிவத்தை விடுவதா என்ற இந்தப் பேரத்தை யாராலும் தவிர்க்க முடியாது. அதில் எவ்வளவு விடுவது என்பதை வேலையை அறிந்தவர் ஓர் எண்ணாகச் சொல்லிவிட வேண்டும். மெஷினின் போக்கில் விட்டுவிடக் கூடாது.

நின்று திரும்புவதற்கு, இந்தப் புரோகிராம்களை எழுதும் மொழியான ஜி-கோடில் ஜி09, ஜி61 போன்ற கட்டளைகள் உண்டு. அச்சு சொன்ன இடத்துக்கு வந்து நின்றுவிட்டதா என்று கன்ட்ரோலர் சரிபார்த்த பிறகே அடுத்த வரியைத் தொடும். நான்கு மூலைகள் கொண்ட பள்ளத்துக்கு இது பெரிய செலவில்லை. வளைந்த மோல்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் கதை மாறிவிடும். அதன் வளைவுகளை கேம் மென்பொருள் ஆயிரக்கணக்கான குட்டி நேர்கோடுகளாக உடைத்துத் தருகிறது. ஒவ்வொரு கோடும் 0.1 மில்லிமீட்டர் நீளம், மெஷினின் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் நின்றால், அந்த 0.1 மில்லிமீட்டருக்குள் வேகமெடுத்து அடங்குவதிலேயே பொழுது போய்விடும். சராசரி ஃபீட் நிமிடத்துக்கு 670 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரு மணி நேர வேலை நாலரை மணி நேரமாகும். போதாததற்கு, கட்டர் நகராமல் ஒரே இடத்தில் சுழல்கிற ஒவ்வொரு முறையும் உலோகத்தைத் தேய்த்துத் தழும்பு வைக்கும். எல்லா இடத்திலும் நின்றால் எல்லாம் துல்லியமாக வரும் என்பது பாதி உண்மைதான்.

மழுக்கிக்கொண்டு போவது ஜி64-இன் வழி. பல மெஷின்கள் ஆன் செய்ததுமே இந்த நிலையில்தான் இருக்கும். இதில் கண்ணுக்குப் படாத ஒரு சங்கதி இருக்கிறது. சர்வோ மோட்டார் எப்போதும் கட்டளைக்குச் சற்றுப் பின்னால்தான் ஓடும். வேகம் கூடக் கூட அந்தப் பின்தங்கலும் கூடும். அதை ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாத சாதாரண சர்வோவில், 3000 ஃபீடில் இது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூடப் போகலாம். ஒய் அச்சுக்குக் கட்டளை தொடங்கும்போது எக்ஸ் அச்சு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. இரண்டும் ஒன்றாக நகர்ந்து மூலை உருண்டுவிடும். முதல் ஜாபை ஃபீடைப் பாதியாக்கி ஓட்டிப் பார்த்தால் அளவு சரியாக இருக்கலாம். முழு வேகத்தில் ஓட்டும்போது அதே புரோகிராம் மூலையில் உலோகத்தை விட்டுவைக்கும். புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

எண்ணைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். மூலைப்புள்ளியை விட்டு 0.01 மில்லிமீட்டருக்கு மேல் விலகாதே என்று கட்டளையிட்டால், கன்ட்ரோலர் வரப்போகும் வரிகளை முன்கூட்டியே படித்து, மூலைக்குள் பொருந்தும் ஒரு சிறு வில்லைக் கணக்கிட்டு, அதில் எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்று முடிவு செய்யும். மேலே சொன்ன முடுக்கத்தில், செங்கோண மூலைக்கு அது ஏறக்குறைய 660 ஃபீட். விலகலை 0.04 ஆக்கினால் 1320. நான்கு மடங்கு விட்டுக்கொடுத்தும் வேகம் இரண்டு மடங்குதான் கூடியது. இதையே திருப்பிப் பார்த்தால் நல்ல சேதி: மூலையில் மட்டும் வேகத்தைப் பாதியாக்கினால் பிழை காலாகக் குறைகிறது.

வலுவான மோட்டார் போட்டால் தீராதா என்று கேட்கலாம். முடுக்கத்தை இரட்டிப்பாக்கினாலும் அதே விலகலில் வேகம் 1.4 மடங்குதான் உயரும். அந்த உதறலில் மெஷினே அதிர்ந்து, மூலைக்கு அப்பால் அலை அலையாகக் கோடு விழவும் வாய்ப்புண்டு. 10 மில்லிமீட்டர் கட்டர் உள்மூலையில் எப்படியும் 5 மில்லிமீட்டர் வளைவு விடுமே, அதில் இந்த நூற்றில் ஒரு பங்கு என்ன பெரிது என்றும் கேட்கலாம். அந்த 5 மில்லிமீட்டர் வரைபடத்தில் இருக்கிறது. அதற்கு ஏற்றாற்போலத்தான் அடுத்த பாகத்தையும் செய்கிறார்கள். கூடுதலாக மிஞ்சும் உலோகம் எந்த வரைபடத்திலும் இல்லை. புதிய கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் என்பது மூன்றாவது வாதம். சீமென்ஸின் சைக்கிள் 832, ஹைடன்ஹைனின் சைக்கிள் 32 இரண்டுமே இதற்காக வந்தவைதான்; இரண்டும் முதலில் கேட்பது டாலரன்ஸ் எண்ணைத்தான். லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருளில் ஜி64-க்குப் பக்கத்தில் பி என்று எழுதி எண்ணைத் தர வேண்டும். அதைத் தராவிட்டால், எவ்வளவு விலகினாலும் சரி, வேகமே முக்கியம் என்று அது எடுத்துக்கொள்ளும். நாம் சொல்லாமல் விட்டாலும் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

எண் ஒன்றே போதும் என்பதில்லை. ஒரே ஜாபுக்குள்ளேயே அது இடத்துக்கு இடம் மாறலாம். ரஃபிங்கில் பின்னால் எடுக்கப்போகும் உலோகம் மிச்சம் இருப்பதால் 0.1 விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஃபினிஷிங்கில் 0.01-க்கு இறங்கலாம். வேறொரு பாகம் வந்து உட்காரும் அந்த இரண்டு மூலைகளுக்கு மட்டும் ஜி09 போட்டு நின்று திரும்பச் சொல்லலாம். எந்த இரண்டு மூலைகள் என்பது மெஷினுக்குத் தெரியாது. வரைபடத்தைப் படித்தவருக்குத் தெரியும்.