சண்டை மீனுக்கு எதற்கு இவ்வளவு வெளிச்சம்?

“அம்மா, நம்மாலதான் அது செத்துப் போச்சா?”

பன்னிரண்டே நாளில் இறந்துபோன மீனை டிஷ்யூத் தாளில் ஏந்திக்கொண்டு என் ஏழு வயது மகன் கேட்ட கேள்வி இது. வானொலியில் தினமும் நேயர்களுடன் பேசிப் பழகிய எனக்கு அன்று பேச்சு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. நாய், பூனை வளர்க்க அனுமதி இல்லை. பள்ளி விடுமுறையில் மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு பெட்டா மீன் வாங்கினோம். நாம் ‘ஃபைட்டர்’ என்றும் மலாய்க்காரர்கள் ‘இக்கான் லாகா’ என்றும் சொல்கிற அதே சண்டை மீன்தான். மூன்று லிட்டர் கண்ணாடிக் கிண்ணம், சிவப்பு இலைச் செடிகள் மூன்று கொத்து, நிறம் மாறும் எல்இடி விளக்கு. விளக்கின் விலை மட்டும் 160 ரிங்கிட். படம் எடுத்தால் அவ்வளவு அழகு.

ஒரு வாரத்தில் சிவப்புச் செடிகள் அடியிலிருந்து அழுகத் தொடங்கின. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் அதிக நேரம் விளக்கை எரியவிட்டேன். காலை நிகழ்ச்சிக்காக நான் நான்கு மணிக்கு எழும்போதும் அந்த நீல வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. மீன் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. பிறகு ஒருநாள் அசையவில்லை.

கிள்ளானில் கிடைத்த பதில்

அந்த வார இறுதியில் கிள்ளானிலுள்ள பெரியப்பா வீட்டுக்குப் போனோம். காப்பார் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கால்வாயில் சண்டை மீன் பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் வளர்த்த தலைமுறை. நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

“ஏம்மா, அது புல்லுக்கும் எலைக்கும் அடியில, நெழல்ல கெடக்கிற மீனு. அது தலைமேல ராத்திரியெல்லாம் லைட்ட போட்டா அது எங்க போயி ஒளியும்?” என்றார்.

என் தவறு அப்போதுதான் விளங்கியது. நான் விளக்கை முதலில் வாங்கினேன். பிறகு செடி, கடைசியில் மீன். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மீனுக்கு எது தேவையோ அதற்கேற்ற செடி. செடிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே விளக்கு. அப்படிச் செய்தால் செலவும் குறைகிறது, மீனும் பிழைக்கிறது.

நிழலில் பிறந்த மீன்

கடைகளில் நாம் பார்க்கும் நீண்ட துடுப்பு பெட்டாவின் பூர்வீகம் தாய்லாந்து. 2019-இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயல், சதுப்பு, செடி அடர்ந்த ஆழமற்ற தண்ணீர், இவைதான் அதன் இயற்கை வீடு. செவுளோடு காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் அதற்கு உண்டு. அதனால்தான் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறது.

நம் நாட்டிலும் இதன் உறவினர்கள் இருக்கின்றன. 1975-இல் ‘இம்பெல்லிஸ்’ என்று பெயரிடப்பட்ட ஒரு பெட்டா நம் தீபகற்பத்தில் வாழ்கிறது. அந்த இலத்தீன் சொல்லுக்குச் ‘சண்டைக்குப் போகாதது’ என்று பொருள். ‘லிவிடா’ என்ற மற்றோர் இனம் வட சிலாங்கூரின் சதுப்புக் காட்டில், தேநீர் நிறத் தண்ணீரில் வாழ்கிறது. 1992-இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் சூட்டியது. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்.

நம் ஊர் வெப்பம் பெட்டாவுக்கு ஒத்துப்போகும். ஹீட்டர் தேவையில்லை. ஏர்கோன் காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் தொட்டியை வைக்காதீர்கள்.

சாகாத செடிகள் நான்கு

நான் முதலில் வாங்கிய சிவப்புச் செடிகளுக்குப் பலத்த வெளிச்சத்தோடு கரியமில வாயுவும் உரமும் கொடுக்க வேண்டும். அவை இல்லாமல் வெளிச்சம் மட்டும் கொடுத்தால் பாசிதான் வளரும். அழுகிய இலையும் மீன் கழிவும் சேர்ந்து அம்மோனியாவாக மாறும். மூன்று லிட்டர் தண்ணீரில் அது விஷம். கண்ணுக்கும் தெரியாது.

குறைந்த வெளிச்சத்தில் வளரும் செடிகள் வேறு. முதலில் அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதன் இலை வெற்றிலை போலத் தடிப்பாக இருக்கும். ‘நானா’ எனப்படும் குட்டை வகை சிறிய தொட்டிக்குப் பொருத்தம். இதன் கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். பெட்டாவுக்கு அகன்ற இலைமேல் படுத்து ஓய்வெடுக்கப் பிடிக்கும்.

இரண்டாவது ஜாவா ஃபெர்ன். பெயரில் ஜாவா இருந்தாலும் நம் காட்டு ஓடைக் கற்களிலும் வளர்வதுதான். இதையும் புதைக்கக் கூடாது. இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள், அவை வித்துகள். இலை நுனியில் குட்டிச் செடியே முளைக்கும்.

மூன்றாவது கிரிப்டோகோரைன். கடைக்காரர்கள் ‘கிரிப்ட்’ என்பார்கள். எளிதில் கிடைக்கும் ‘வெண்டி’ வகை இலங்கைக்கே உரிய செடி. 1958-இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் தெ வித் அதற்குப் பெயரிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வே வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸில், இலங்கைச் செடி ஒன்று என் மேசையில் வளர்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை மணலில் நட வேண்டும், வேருக்கு அருகில் உர வில்லை ஒன்று வைத்தால் போதும். நட்ட சில நாட்களில் இலையெல்லாம் கூழாகக் கரையலாம். பயந்து பிடுங்கி எறியாதீர்கள். இடம் மாறியதால் வரும் வாட்டம் அது. கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள். வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் புது இலை வரும்.

நான்காவது ஜாவா பாசி. பெயரில்தான் பாசி. கண்ணாடியில் படரும் வேண்டாத பாசி அல்ல, மென்மையான ஒரு செடி. கல்லில் கட்டினால் பச்சைப் பஞ்சுபோல் படரும்.

விரும்பினால் மிதக்கும் செடி கொஞ்சம் சேர்க்கலாம். நிழல் தரும், கழிவையும் உறிஞ்சும். ஆனால் மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடாதீர்கள்; மீன் மூச்சுவிட இடம் வேண்டும். பிளாஸ்டிக் செடியைத் தவிர்ப்பது நல்லது. அதன்மேல் பழைய நைலான் காலுறையை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் துடுப்பும் கிழியும்.

விளக்குக்கு எவ்வளவு?

இந்த நான்கு செடிகளுக்கும் 5 அல்லது 6 வாட் வெள்ளை எல்இடி போதும். மீன் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சாதாரண மேசை விளக்கில் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ‘டேலைட்’ பல்பைப் போடலாம். பெட்டியில் 6500 கெல்வின் என்று இருக்கிறதா பாருங்கள். அது பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான வெண்மை. செடிக்கும் நல்லது, மீனின் நிறமும் இயல்பாகத் தெரியும். விளக்கை மூடிக்கு மேல் ஏறக்குறைய 15 செ.மீ. உயரத்தில் வையுங்கள். பாசி வந்தால் இன்னும் உயர்த்துங்கள்.

வெளிச்சத்தின் அளவைவிட நேரம் முக்கியம். ஆறு மணி நேரத்தில் தொடங்குங்கள். பாசி இல்லை, செடி நன்றாக இருக்கிறது என்றால் எட்டு மணி வரை கூட்டலாம். நான் செய்த நல்ல செலவு 15 ரிங்கிட் டைமர். பிற்பகல் மூன்று மணிக்கு விளக்கு தானாக எரிந்து, இரவு ஒன்பதுக்கு அணைந்துவிடும். நான் மறந்தாலும் அது மறக்காது.

மின் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 6 வாட் விளக்கு தினமும் ஏழு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.26 யூனிட். ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவு. சன்னலோரம் வைத்தால் விளக்குச் செலவே இல்லையே என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் வெயில் நேராகப் பட்டால் சிறிய தொட்டியின் தண்ணீர் சூடாகும், பாசியும் மண்டும்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு: மின்கம்பி பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கிப் பிறகு மேலேறி பிளக்கில் சேர வேண்டும். கம்பி வழியே தண்ணீர் வழிந்தாலும் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

அவசரப்படாதீர்கள்

இரண்டாம் முறை 30 செ.மீ. நீளம், 20 அகலம், 25 உயரம் கொண்ட தொட்டி வாங்கினோம். 15 லிட்டர் பிடிக்கும். தண்ணீரை விளிம்புவரை நிரப்பவில்லை. மூடியும் போட்டோம், ஏனென்றால் பெட்டா துள்ளும். செடி நட்டு, மெதுவாக ஓடும் ஸ்பஞ்ச் வடிகட்டி வைத்து, மீன் இல்லாமலேயே ஐந்து வாரம் காத்திருந்தோம். தினமும் ஓரிரு மீன் தீனியை மட்டும் போட்டு வந்தோம். அது மக்கும்போது வரும் அம்மோனியாவை உண்டு, அதன் தீங்கைக் குறைக்கும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு காலம் பிடிக்கும். சோதனைக் கருவி இல்லையென்றால் கடையில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவுக் கணக்கு இது: தொட்டி 35, அனுபியாஸ் 12, ஜாவா ஃபெர்ன் 8, கிரிப்ட் இரண்டு 16, ஜாவா பாசி 5, மேசை விளக்கும் பல்பும் 25, டைமர் 15, மணல் 6, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து 8, வடிகட்டியும் காற்று மோட்டாரும் 25. மொத்தம் 155 ரிங்கிட். முதலில் வாங்கிய விளக்கைவிட ஐந்து ரிங்கிட் குறைவு! கடைக்குக் கடை விலை மாறும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுகிறோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் சொட்டு மருந்து கட்டாயம். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசுபட்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டதை மறந்திருக்க மாட்டோம். ஒரு வாளி தண்ணீர் எப்போதும் எடுத்து வையுங்கள். கொசு முட்டையிடாதபடி நன்றாக மூடி வையுங்கள்.

பெரியப்பா கொடுத்த இன்னொரு யோசனை கெத்தாப்பாங் இலை. நாட்டு வாதுமை என்போமே, அந்த மரம்தான். காய்ந்து விழுந்த பழுப்பு இலையை, மருந்து தெளிக்காத இடத்திலிருந்து எடுத்துக் கழுவி, ஒன்று போட்டால் போதும். தண்ணீர் தேநீர் நிறமாகும். சதுப்புக் காட்டின் தண்ணீரைப் போலவே வெளிச்சமும் மென்மையாகும்.

ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியாமல் போனால் மீனையோ செடியையோ கால்வாயிலும் ஆற்றிலும் விடாதீர்கள். ஏற்கெனவே அங்கு வாழும் உயிர்களுக்கு அது தொல்லை. வளர்ப்பவர்களிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள்.

மகனின் கேள்விக்கு அன்றிரவே பதில் சொன்னேன். “ஆமாய்யா, அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு. அடுத்த தடவை முதல்ல தெரிஞ்சுக்குவோம்” என்றேன். ஐந்து வாரமும் காலண்டரில் நாள் எண்ணியவன் அவன்தான்.

இப்போது இரண்டாவது மீனுக்கு எட்டு மாதம் ஆகிறது. இரவு ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்ததும் அனுபியாஸ் இலைமேல் போய்ப் படுத்துக்கொள்ளும். “மீன் தூங்கப் போயிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு மகனும் படுக்கப் போகிறான். காலை நான்கு மணிக்கு நான் எழும்போது கூடம் இருட்டாகத்தான் இருக்கிறது.