பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது?

கோவையில் ஒரு பெண், பாலக்காட்டில் ஒரு பெண். இருவரும் 2006 பிப்ரவரி 15 அன்று பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 மக்களவைத் தேர்தலின்போது இருவருக்கும் 18 வயது நிறைந்துவிட்டது. பாலக்காட்டுப் பெண் ஏப்ரல் 26 அன்று விரலில் மை வைத்துக்கொண்டு வரலாம். கோவைப் பெண்ணுக்கு ஏப்ரல் 19 அன்று அந்த வாய்ப்பே இல்லை. தேர்தல் ஒன்று, சட்டமும் ஒன்று. பிறகு எப்படி?

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாவதில்லை. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தொகுதியின் பட்டியலில் யாரையும் சேர்க்கவோ, நீக்கவோ, திருத்தவோ கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். காரணம் எளிது. வேட்பாளரும் வாக்காளராக இருக்க வேண்டும், அவரை முன்மொழிபவரும் வாக்காளராக இருக்க வேண்டும். மனுவைப் பரிசீலிப்பவர் புரட்டிப் பார்க்கும் பட்டியல் அன்றாடம் மாறிக்கொண்டிருந்தால் எந்த மனு செல்லும், எது செல்லாது என்றே சொல்ல முடியாது.

அந்தக் கடைசி நாளும் நள்ளிரவு வரை நீள்வதில்லை. கர்நாடக மேலவைத் தேர்தல் ஒன்றில் கடைசி நாளன்று நேரம் கடந்து பெயர்கள் சேர்க்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மனு வாங்குவது பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது என்றால் பட்டியலின் கதவும் 3 மணிக்கே அடைபடுகிறது என்று 1977இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

ஆனால் நமக்கான கடைசி நாள் அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. பெயர் சேர்க்க நீங்கள் கொடுக்கும் படிவம் 6 மறுநாளே பட்டியலில் ஏறிவிடாது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்காக விண்ணப்ப விவரம் 7 நாள் பார்வைக்கு வைக்கப்படும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பிறகுதான் பதிவு அலுவலர் முடிவெடுப்பார், பெயர் துணைப்பட்டியலுக்குப் போகும். இதற்கெல்லாம் நேரம் விட்டு, மனு தாக்கல் முடியும் நாளிலிருந்து 10 நாள் பின்னோக்கி எண்ணுகிறார்கள்.

2024இல் இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். தேர்தல் அட்டவணை மார்ச் 16, சனிக்கிழமை பிற்பகலில் வெளியானது. முதல் கட்டத்தில் இருந்த தமிழ்நாட்டில் மனு தாக்கல் மார்ச் 27இல் முடிந்தது. 10 நாள் பின்னால் போனால் மார்ச் 17. அறிவிப்பைக் கேட்டவருக்குக் கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் கட்டத்தில் இருந்த கேரளத்துக்கு மார்ச் 25 வரை கிடைத்தது. ஏழாம் கட்டத்தில் இருந்த வாராணசியில் மனு தாக்கல் மே 14 வரை என்பதால், அதே கணக்கு மே 4இல் வந்து நிற்கிறது. ஒரே தேர்தலுக்குள் ஒன்றரை மாத வித்தியாசம்.

கோவைப் பெண்ணின் சிக்கலும் இங்கேதான். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருந்தால் மட்டுமே அந்த ஆண்டு பட்டியலில் சேர முடியும். 2021இல் வந்த திருத்தச் சட்டம் இதை மாற்றி ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாள்களைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் பட்டியல் மார்ச் 27 அன்றே மூடப்பட்டதால், பிப்ரவரியில் பிறந்தவருக்குரிய ஏப்ரல் 1 வருவதற்குள் கதவு அடைபட்டுவிட்டது. கேரளத்தில் ஏப்ரல் 4 வரை திறந்திருந்தது. முன்கூட்டியே விண்ணப்பித்தவர் உள்ளே வர முடிந்தது.

உள்ளாட்சித் தேர்தலுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையம். தமிழ்நாடு சட்டமன்றப் பட்டியலையே எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. கேரளமும் உத்தரப்பிரதேசமும் தனிப் பட்டியல் தயாரிக்கின்றன. அங்கே மக்களவைக்கு ஓட்டுப் போட்டவர், பஞ்சாயத்துத் தேர்தலில் தன் பெயரைக் காணோமே என்று திகைக்க நேரலாம். ஒரே பட்டியல் போதும் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது, ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவது பற்றி ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழுவும் 2024இல் அதையே சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான ஒரே நேரத் தேர்தல் மசோதா உள்ளாட்சிகளைத் தொடவில்லை.

அமெரிக்காவில் கணக்கு வேறு. கூட்டாட்சித் தேர்தலுக்கான பதிவை வாக்குப்பதிவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக முடிக்கக் கூடாது என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. டெக்சாஸ் அந்த 30 நாளையும் எடுத்துக்கொள்கிறது. மின்னசோட்டாவில் வாக்குப்பதிவு நாளன்று சாவடியிலேயே பதிந்துகொள்ளலாம். ஊருக்கு ஊர் வேறுபாடு அங்கும் உண்டு, ஆனால் வாக்குப்பதிவு நாளிலிருந்து எண்ணுவதால் சாதாரண மனிதர் விரல்விட்டுக் கணக்குப் போட முடியும். நம் முறையில் அது முடியாது. மனு தாக்கல் முடிந்து வாக்குப்பதிவு வரை முதல் கட்டத்தில் 23 நாள், ஏழாம் கட்டத்தில் 18 நாள்.

வேட்புமனுவோடு பட்டியலை மூடுவதில் நியாயம் இருக்கிறது, அது இருக்கட்டும். ஆனால் அட்டவணை அறிவித்த பிறகு விண்ணப்பிக்க எல்லாத் தொகுதிக்கும் குறைந்தபட்சம் இத்தனை நாள் என்று ஒரு விதி வேண்டும். உள்ளாட்சிக்கும் அதே பட்டியல், அதே தகுதி நாள்கள் என்று மாநிலச் சட்டங்கள் திருந்த வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். 17 வயது முடிந்ததும் படிவம் 6 கொடுக்கலாம், வீடு மாறினால் படிவம் 8. அட்டவணை வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே கொடுத்துவிடுங்கள்.