பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவேண்டும். மாலையில் பட்டணம் சென்று வீட்டுச் சாமான்கள் வாங்கி வரவேண்டும். பேருந்து எட்டிப் பாராத தோட்டங்களில் வாழ்வோருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. கத்தியையும் வாளியையும் போல அதுவும் பிழைப்புக்கு வேண்டிய ஒரு கருவியே ஆகும். புதிய வண்டி வாங்க வசதியில்லாதோர் பழைய வண்டியை நாடுவது இயல்பு. அதில் தவறொன்றுமில்லை. ஆயினும், முதன்முதலாக வாங்குவோர் வண்டியின் பளபளப்பைக் கண்டு மயங்கி, ஈராண்டுச் சேமிப்பை ஒரே மாலையில் இழந்துவிடுவதை நாம் பல தோட்டங்களில் கண்டிருக்கிறோம். குறிப்பாக, வேகத்தில் நாட்டங்கொண்ட நம் இளைஞர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இளைஞர் மனம் எங்கே செல்கிறது என்பது நமக்குத் தெரியும். யமாஹா ஆர்.எக்ஸ்.இசட்., யமாஹா 125 இசட், ஒய் 15 இசட்.ஆர்., ஹோண்டா ஆர்.எஸ். 150 ஆகிய பெயர்களைச் சொன்னாலே கண்களில் ஒளி வந்துவிடுகிறது. இவற்றுள் முதலிரண்டும் இரு வீச்சு இயந்திரம் கொண்டவை. அவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனவே, நல்ல நிலையிலுள்ள ஆர்.எக்ஸ்.இசட். ஒன்றுக்கு இன்று 10,000 வெள்ளிக்கு மேலும் விலை கேட்கிறார்கள். விருப்பத்தின் பேரில் சேகரிப்போருக்கு அது பொருந்தும். அன்றாடம் காட்டுக்கும் கடைக்கும் ஓட்டவிருப்பவருக்கு உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் ‘கப்சாய்’ வண்டியே ஏற்றது என்பது நம் கருத்து. ஹோண்டா இ.எக்ஸ்.5, 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த நம் நாட்டு மோடனாஸ் கிரிஸ் போன்றவற்றிற்கு எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். இதைச் சொல்வதால் இளைஞர்கள் நம்மீது கோபம் கொள்ளக்கூடும், பரவாயில்லை.

வண்டியைத் தேடுமுன் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். பி2 உரிமம் 250 சிசி வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். அதற்கு மேற்பட்ட சக்தியுள்ள வண்டியை அவ்வுரிமத்துடன் ஓட்டுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்திடமும் உங்கள் பேச்சு எடுபடாது.

‘சம்போங் பாயார்’ என்னும் பொறி

பழைய வண்டி வாங்குவோரைக் கவிழ்க்கும் குழிகளுள் மிக ஆழமானது இதுவே. ஒருவர் வங்கிக் கடனில் வண்டி வாங்குகிறார். சில மாதங்களுக்குப் பின் தவணை கட்ட இயலவில்லை. அவர் வேறொருவரை அணுகி, “எனக்கு 1,500 வெள்ளி கொடு, வண்டியை எடுத்துக்கொள், மீதித் தவணையை நீ கட்டிவா” என்கிறார். மலிவாகத் தெரிகிறது. கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இது கடவுளே காட்டிய வழியாகவும் தோன்றுகிறது.

1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும் வரை வண்டி கடன் கொடுத்த நிறுவனத்தின் உடைமையாகும். வண்டியை வைத்திருப்பவர் அதனை வாடகைக்கு எடுத்தவரே. தமக்குச் சொந்தமில்லாத பொருளை அவர் எப்படி விற்க முடியும்? நிறுவனத்தை ஏமாற்றி விற்பது அச்சட்டப்படி குற்றமுமாகும். நீங்கள் மாதந்தவறாமல் பணம் கொடுத்தாலும், அதனை அவர் வங்கியில் கட்டுகிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. கட்டாமல் விட்டால், ஒருநாள் வண்டியை இழுத்துச் செல்ல ஆட்கள் லயத்து வாசலுக்கே வந்துவிடுவார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்தாலும் தொல்லை தீராது. கிரானில் இருப்பது அவர் பெயர். அவர் ‘வண்டி என்னுடையது’ என்றால் உங்கள் கையில் என்ன சான்று இருக்கிறது?

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், பால் வெட்டும் இளைஞர் ஒருவர் இவ்வாறு ஒரு வண்டியை எடுத்தார். முன்பணத்திற்காகத் தாயாரின் காதுத் தோடுகள் அடகுக் கடைக்குச் சென்றன. பதினான்கு மாதங்கள் பணம் கொடுத்தார். அத்தனையும் கைக்குக் கை. பதினைந்தாம் மாதம் வண்டி போயிற்று. பணம் பெற்றவர் வேறு மாநிலத்திற்குச் சென்றுவிட்டிருந்தார். அந்த இளைஞரிடம் ஒரு துண்டு ரசீது கூட இல்லை. அவர் இன்றும் சைக்கிளில்தான் வேலைக்குச் செல்கிறார், தோடுகள் மீட்கப்படவில்லை.

ஆகவே, கடன் தீராத வண்டி உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால், விற்பவருடன் நீங்களும் கடன் கொடுத்த நிறுவனத்திற்குச் செல்லுங்கள். மீதித் தொகையை எழுத்து மூலம் கேட்டறிந்து, உங்கள் பணத்தை நேராக அந்நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டி, கிரானிலுள்ள உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்ட பின்னரே எஞ்சிய தொகையை விற்பவரிடம் கொடுக்க வேண்டும். விற்பவர் இதற்கு இணங்கவில்லையெனில் வீடு திரும்புங்கள்.

கிரானும் எண்களும்

வண்டியைப் பார்க்குமுன் கிரானைப் பாருங்கள். அதிலுள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். “நண்பனுடைய வண்டி”, “மச்சானுடைய வண்டி” என்றால் அந்த நண்பரும் மச்சானும் நேரில் வரட்டும். பின்னர், சட்டத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணையும் இயந்திரத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணையும் துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கிரானுடன் ஒத்துப்பாருங்கள். எண் இருக்குமிடத்தில் அரம் போட்ட தடமோ, புதிதாக அடித்த சாயமோ, எழுத்துகளின் வரிசைக் கோணலோ தென்பட்டால் அது திருட்டு வண்டியாக இருக்கக்கூடும். திருட்டுப் பொருளெனத் தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குபவரும் குற்றவியல் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்கீழ்க் குற்றவாளியே. விலை வழக்கத்திற்கு மாறாகக் குறைவாக இருந்ததே அத்தகைய காரணமாகக் கொள்ளப்படலாம். இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். ‘பிறகு பதிந்துகொள்ளலாம்’ என்பதை நம்பாதீர்கள்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியர்களின் சொந்த வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்டிவைக்கும் கட்டாயம் இல்லை. எனவே, வில்லை இல்லாததைக் கொண்டு வரி இல்லையென்றோ, இருப்பதைக் கொண்டு எல்லாம் சரியென்றோ முடிவு செய்ய இயலாது. விற்பவரையே தம் கைப்பேசியில் ‘மைஜேபிஜே’ செயலியைத் திறந்து காட்டச் சொல்லலாம். 150 சிசி வரையிலான வண்டிக்கு முன்னர் ஆண்டு வரி 2 வெள்ளியாகவே இருந்தது. சாலை வரியைப் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் விட்டவர் எண்ணெய் மாற்றியிருப்பாரா என்று ஐயுறுவதில் தவறில்லை.

வண்டியைச் சோதிக்கும் முறை

மழை பெய்யும்போதும் மாலை மங்கியபின்பும் வண்டி பார்க்கலாகாது. ஈரம் கீறலை மறைக்கும். இருள் எல்லாவற்றையும் மறைக்கும். ஓய்வு நாளன்று முற்பகலில் செல்லுங்கள். வருவதாகச் சொல்லும்போதே, வண்டியை முன்கூட்டி முடுக்கி வைக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்றதும் முதலில் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளப்புவதில் ஏதோ இடர்ப்பாடு உண்டு என்று ஐயுறலாம்.

கிளப்பியதும் புகைபோக்கியைக் கவனியுங்கள். நான்கு வீச்சு இயந்திரத்தில் நீலப்புகை வந்தால், பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்து எண்ணெய் எரிகிறது என்பது பொருள், செலவு பெரிது. கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டுவது. பெரும்பாலும் சிறு திருத்தத்தில் சரியாகிவிடும். இரு வீச்சு இயந்திரம் எண்ணெயைச் சேர்த்தே எரிப்பதால் ஓரளவு புகை இயல்பே. ஆனால் ஆர்.எக்ஸ்.இசட்., 125 இசட் போன்றவற்றில் வேறொரு செய்தியைத் தவறாமல் கேட்க வேண்டும். இவற்றில் எண்ணெயைத் தானாகவே செலுத்தும் பம்பு ஒன்று உண்டு. சிலர் அதனைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டுகின்றனர். இதனை அறியாமல் நீங்கள் வெறும் பெட்ரோலை நிரப்பி ஓட்டினால் சில மைல்களுக்குள் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வேகமாகச் செல்கையில் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கியெறியும். பம்பு வேலை செய்கிறதா என்ற ஒரு கேள்வி உயிரைக் காக்கும்.

அடுத்து, நடு நிறுத்தியில் வண்டியை நிறுத்தி முன்சக்கரத்தை மேலே தூக்கிக் கைப்பிடியை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’கென்று தடைபட்டால் கழுத்துப் பேரிங் தேய்ந்துள்ளது. சங்கிலியைப் பின்பல் சக்கரத்தின் பின்புறம் பிடித்து இழுங்கள். பல்லைவிட்டு வெகுவாக விலகினாலோ, பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ இரண்டையும் மாற்ற வேண்டிவரும். முன் ஷாக்கில் எண்ணெய்க் கசிவு உண்டா? சக்கரங்கள் ஆடுகின்றனவா? பின்புறம் பத்தடி தள்ளி நின்று நோக்குங்கள். இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லையெனில் விபத்தில் சட்டம் கோணிய வண்டி அது. இதற்குப் பட்டறையில் மருந்தில்லை; வேண்டாமென்று வந்துவிடுங்கள்.

மைல் காட்டியை நம்ப வேண்டாம். அதனை மாற்றுவது எளிது. கால் மிதியின் ரப்பர், கைப்பிடி உறை, பிரேக் மிதியின் தேய்மானம் ஆகியவை உண்மையை மறைப்பதில்லை.

தோட்ட வண்டிக்கென்றே சில நோய்கள் உண்டு. பால் வாளிகளை இருபுறமும் சுமந்த வண்டியில் பின் ஷாக்கும் அதன் புஷ்ஷும் விரைவில் தேய்ந்துவிடும். ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய வண்டியிலோ அதிலிருந்து ஒழுகும் புளித்த நீர் இரும்பை அரிக்கும். இருக்கைக்குக் கீழும் பின் மட்கார்டின் உட்புறமும் விரலால் தட்டிப் பாருங்கள். துரு உதிர்ந்தால் சாயம் மட்டுமே சட்டத்தைத் தாங்கி நிற்கிறது என்று கொள்க. செம்மண் சாலையில் ஓடியதற்காக மட்டும் ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. மெதுவாக ஓடிய தோட்ட வண்டி, பட்டணத்துப் பந்தய வண்டியைவிட எவ்வளவோ மேல்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2014 டிசம்பரில் கிளந்தானிலும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஏற்பட்ட பெருவெள்ளங்களில் எண்ணற்ற வாகனங்கள் நீரில் நின்றன. முகப்பு விளக்கின் உள்ளே மண் கோடு, மின்கம்பி இணைப்புகளில் பச்சைப் பூப்பு, எண்ணெயில் பால் கலந்தாற்போன்ற வெண்மை ஆகியன அதன் அடையாளங்கள்.

இனி, ‘ஏற்றிய’ வண்டிகளைப் பற்றி. பெரிய பிளாக், உரத்த புகைபோக்கி, மெல்லிய டயர் எனப் பந்தயத்திற்காக மாற்றியமைத்த வண்டியை விற்பவர் அதனைப் பெருமையாகச் சொல்வார். அவ்வாறு மாற்றிய இயந்திரம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை முன்னமே செலவழித்துவிட்டது. இலாகாவின் அனுமதியின்றி இயந்திரத்தின் கொள்ளளவை மாற்றுவது சட்ட விரோதம். காப்புறுதி கோரும்போதும் இடர் விளையும். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை இளைஞர்களின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மெல்லிய டயருடன் மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிப்பது என்னவென்று அதனைச் செய்து பார்த்தவர்களுள் பலர் சொல்ல இன்று இல்லை.

பெயர் மாற்றமும் பணமும்

விலை பேசி முடிந்ததும் முழுத்தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். சிறு முன்பணம் கொடுத்தால் வண்டி எண், தொகை, தேதி குறித்த ரசீது பெறுங்கள். விற்பவரின் பெயரிலுள்ள காப்புறுதி உங்களைக் காக்காது. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். சட்டம் வற்புறுத்தும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி பிறருக்கு நேரும் பாதிப்பை மட்டுமே ஈடுசெய்யும். உங்கள் வண்டி திருடு போனால் ஒரு காசும் வராது. பின்னர் இருவரும் அடையாள அட்டையுடன் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குச் சென்று, பெயர் மாற்றப் பாரத்தைக் கொடுத்துக் கைரேகை பதிக்க வேண்டும். சம்மன்கள் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெயர் மாறிய பின் மீதிப் பணம். இதற்காக அரைநாள் சம்பளம் போகிறதே என்று தயங்குவோர் உண்டு. அந்த அரைநாளைச் செலவிடாதவர்கள் பிறகு பல நாள்கள் அலைவதை நாம் பார்க்கிறோம்.

கிரானில் காலஞ்சென்ற தந்தையாரின் பெயர் இருக்குமானால், மகனிடமிருந்து நேரடியாக வாங்க இயலாது. அவ்வண்டி இறந்தவரின் சொத்தாதலால், வாரிசுரிமைப் பத்திரங்களைக் குடும்பத்தார் முதலில் முடித்துத் தரவேண்டும். நமக்கு உறவினர்தானே என்று இதனைத் தட்டிக் கழிப்பதே தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கையேனும் நிறுத்தி வையுங்கள். 3,000 வெள்ளி இருந்தால் 2,400 வெள்ளிக்குள் வண்டி பாருங்கள். வாங்கிய வாரத்திலேயே இயந்திர எண்ணெய், இரு பிரேக்குகளின் தேய்பாகம், தேய்ந்த டயர், சங்கிலி ஆகியவற்றை மாற்ற அப்பணம் வேண்டும். சிரிம் முத்திரையுள்ள தலைக்கவசங்கள் இரண்டையும் அதிலேயே வாங்கிவிடுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றொன்று பின்னால் அமரப்போகிறவருக்கு.