எரிநட்சத்திரம் எங்கே தோன்றியது?



இரவில் எரிநட்சத்திரம் ஒன்றைக் கண்டவர், "அது பனந்தோப்புக்கு அப்பால் விழுந்தது" என்பர். உண்மையில் அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்து மறைந்திருக்கும். ஓரிடத்தில் நின்று காண்பவர் அறிவது திசையை மட்டுமே, தொலைவை அன்று.

தொலைவை அறிய இருவர் வேண்டும். 1798ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் பயின்ற பிராண்டெஸ், பென்சன்பெர்க் என்னும் மாணவர் இருவர், பல கிலோமீற்றர் இடைவிட்டு நின்று வானத்தைக் கவனித்தனர். ஒரே எரிநட்சத்திரம் இருவருக்கும் சற்று வெவ்வேறான இடங்களில், விண்மீன்களிடையே தோன்றிற்று. அவ்வேறுபாட்டைக் கொண்டே அதன் உயரத்தைக் கணித்தனர். கண்டவை 402, இருவர் குறிப்பும் பொருந்தியவை 22 மட்டுமே.

ஆகவே நமது குறிப்பு எவ்வாறு அமைதல் வேண்டும்? எரிநட்சத்திரம் மறைந்தவுடன், அது சென்ற வழியே ஒரு நேரான கோலை உயர்த்திப் பிடியுங்கள். அக்கோடு எந்த விண்மீன்களின் அருகே செல்கின்றது, ஒளி எங்கே தொடங்கிற்று, எங்கே முடிந்தது என்பவற்றை உடனே எழுதுங்கள். "கிழக்கே கண்டேன்" என்பதனால் பயனில்லை. "திருவாதிரையின் அருகே தோன்றி, உரோகிணிக்குச் செல்லும் வழியிற் பாதியில் மறைந்தது" என்பதே பயன்படும். இடைவெளியை அளக்கக் கருவி வேண்டா. நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். கண்ட நேரத்தையும் நின்ற இடத்தையும் தவறாது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஒளியை வேற்றூரில் ஒருவர் கண்டு குறித்திருத்தல் கூடும். உங்கள் குறிப்புத் திருத்தமாக இருந்தாலன்றோ அவருடைய உழைப்பும் பயன்பெறும்?