வெபி கிராமத்துப் பிள்ளைகள்

அந்தமானின் மாயாபந்தர் அருகே வெபி என்னும் சிற்றூர் உண்டு. காட்டுவேலைக்கென 1925-இல் பர்மாவிலிருந்து பிரித்தானியர் அழைத்துவந்த கரேன் குடும்பங்கள் அமைத்த ஊர் அது. 1853-லேயே அவர்கள் மொழியில் முழு வேதாகமம் உண்டாயிருந்தது. இன்றோ பிள்ளைகள் பள்ளியில் பெரும்பாலும் இந்தியில் படிக்கின்றனர். கரேன் எழுத்து ஆலயத்தை அண்டியே பிழைத்திருக்கிறது. யுத்தத்துக்குத் தப்பி, 1984 முதல் தாய்லாந்து எல்லை முகாம்களில் தங்கிய அதே இனத்தாரோ, தங்கள் பள்ளிகளில் தாய்மொழியையே போதிக்கின்றனர்.

பட்டணத்துக்குப் பிழைக்க வந்த நமக்கு இது விளங்காததா? நம் பிள்ளைகளில் எத்தனைபேர் தமிழ் வேதத்தை எழுத்துக்கூட்டியேனும் வாசிக்கிறார்கள்? ஆகவே, வெபிக்கு உதவ ஏவப்படுவோர், கல்வெட்டில் பெயர் பொறிக்கும் கட்டிடத்துக்கு முன்னே, கரேன் எழுத்தைக் கற்பிப்பவரின் மாதச் சம்பளத்தையும் புத்தகச் செலவையும் அவ்வூர்ச் சபை மூப்பர்களிடம் விசாரியுங்கள்.